எங்கள் வண்டியை ஏன் பிடித்தார்கள்

1. பன்னிரண்டு டிக்கெட்

தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் போய், அங்கிருந்து ஐந்தருவி வரைக்கும் ஓடிய ஷட்டில் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். அறுபதுகளின் ஆரம்பம். ஆனி மாதக் கடைசி, சீசன் உச்சத்தில் இருந்தது. காலை ஒன்பது மணி டிரிப். இலஞ்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஆலம்பொத்தை என்கிற சின்ன ஊருக்குப் பிரிகிற மண்பாதை வரும். அந்த இடத்தில் எங்கள் கம்பெனிக்கு ஸ்டாப் கிடையாது. அன்று அங்கே பன்னிரண்டு ஆண்கள் சாரலில் நனைந்தபடி நின்று கையைக் காட்டினார்கள். டிரைவர் ஞானதுரை வண்டியை நிறுத்தினார்.

பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். நான் டிக்கெட் புத்தகத்தோடு பக்கத்தில் போனேன். முன்னால் நின்றவர் சிவசைலம். ஆலம்பொத்தையில் படிப்பகம் நடத்துகிறவர். காலையில் பேப்பரைச் சத்தமாக வாசித்து, சாயங்காலம் அதற்கு அர்த்தம் சொல்லுகிறவர். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கண்டக்டரே, இந்த வண்டியை ஆலம்பொத்தைப் பொதுமக்கள் கைப்பற்றியாச்சு."

"சரி அண்ணாச்சி. எங்கன எறங்குதீய?"

"எறங்கல. கைப்பற்றியாச்சுன்னு சொல்லுதேன்."

"கைப்பற்றுங்க, வேண்டாங்கல. வண்டியில ஆள் இருந்தா டிக்கெட் இருக்கணும். செக்கர் ஏறினா உங்களையா கேப்பாரு? என்னையத்தான் கேப்பாரு."

அவர்கள் கூடிப் பேசினார்கள். டிக்கெட் வாங்கினால் போராட்டத்தின் தன்மை கெட்டுவிடும் என்று சிவசைலம் சொன்னார். டிக்கெட் இல்லாமல் போனால் அது வேறு குற்றம், அதற்கு வேறு தண்டனை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். கடைசியில் குற்றாலத்துக்குப் பன்னிரண்டு டிக்கெட் வாங்கினார்கள். பிற்பாடு போலீஸ் இந்த விவகாரத்தை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தவித்தபோது அந்தப் பன்னிரண்டு டிக்கெட்தான் குறுக்கே நின்றது. முறைப்படி டிக்கெட் எடுத்தவனைக் கொள்ளைக்காரன் என்று எழுத எந்த ஏட்டுக்கும் கை வரவில்லை.

வண்டியில் மற்ற பயணிகளும் இருந்தார்கள். ஒருவரும் அலறவில்லை. பஸ் தாமதமாவதற்கு நம் ஜனங்கள் எத்தனையோ காரணங்களைப் பார்த்தவர்கள். இது இன்னொன்று என்று நினைத்திருப்பார்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்து நின்று கேட்டார்.

"தம்பி, நான் அருவிக்குப் போகணும். விடாமப் பதினஞ்சு நாள் குளிக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருக்காரு. இன்னைக்குப் பதினோராவது நாள். விட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ஏற்பாடு செய்யுதோம் ஐயா" என்றார் சிவசைலம்.

2. வண்டியை எங்கே கொண்டுபோவது

கைப்பற்றுவதைப் பற்றி அவர்கள் பல நாள் பேசியிருந்தார்கள். கைப்பற்றிய பிறகு என்ன செய்வது என்று ஒருவரும் பேசவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது.

"நேரா தென்காசி தாலுகா ஆபீஸுக்குத் திருப்புங்க" என்று சிவசைலம் டிரைவரிடம் சொன்னார்.

ஞானதுரை பொறுமையானவர். "இந்த ரோட்டுல திருப்ப முடியாது அண்ணாச்சி. குற்றாலம் போய்த்தான் திருப்பணும்" என்றார்.

"குற்றாலத்துல சீசன் போலீஸ் நிக்குது" என்றார் பின்னாலிருந்தவர். அவர் பெயர் மாடசாமி. தென்னை ஏறுகிறவர். அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. தாலுகா ஆபீஸுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் எத்தனை அடி தூரம் என்பதும் அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. ஆகவே வண்டி ஆலம்பொத்தை மண்பாதையிலேயே இறங்கி, ஒரு தென்னந்தோப்புக்குள் போய் நின்றது. அதற்கு மேல் பாதை இல்லை.

இங்கே ஞானதுரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யுத்த காலத்தில் அவர் பட்டாளத்து லாரி ஓட்டியவர். பர்மாவிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்த ஜனங்கள் அந்தப் பாதையெல்லாம் கையைத் தூக்கியபடி நின்றார்களாம். நிறுத்தக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு. இவர் நிறுத்தவில்லை. இதை ஒரே ஒரு தடவை, ஐந்தருவியில் வண்டி நிற்கும்போது டீ குடித்துக்கொண்டே சொன்னார். ஊருக்கு வந்து பஸ் ஓட்ட ஆரம்பித்த பிறகு யார் கையைத் தூக்கினாலும் அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். வயலில் சோம்பல் முறித்த ஒருவனுக்காகக்கூட ஒரு நாள் நிறுத்தியிருக்கிறார். அவனும் நின்ற வண்டியை ஏன் விட வேண்டும் என்று ஏறிக் குற்றாலம் வரை வந்து, குளித்துவிட்டுப் போனான்.

கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. நேரம் போகிறது, டீசல் போகிறது என்று மேனேஜர் ஒரு சர்க்குலர் போட்டார். ஸ்டேஜ் அல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துகிற டிரைவர் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார் என்று அதில் இருந்தது. எல்லா டிரைவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஞானதுரையும் போட்டார். மறுநாள் ஆலம்பொத்தையில் நிறுத்தினார்.

மற்ற வண்டிகள் நிறுத்தவில்லை. அதனால் நடந்தது இது. ஆலம்பொத்தையில் செல்லத்தாய் என்று ஒரு பெண். தினமும் கீரையும் மோரும் குற்றாலம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவள். அவள் குழந்தைக்கு மாரில் சளி கட்டிக் காய்ச்சல். மழையில் அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்று கையைக் காட்டியிருக்கிறாள். எங்கள் கம்பெனி வண்டிகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, அவள் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போயின. அன்று எங்கள் ஷட்டில் ஸ்பிரிங் பட்டை உடைந்து ஷெட்டில் கிடந்தது. அவள் தென்காசி ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தாள். குழந்தை பிழைத்தது. இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

அதன் பிறகுதான் ஆலம்பொத்தைக்காரர்கள் மனு எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு மனுவுக்கும் 'தங்கள் கடிதம் கவனத்தில் இருக்கிறது' என்று பதில் போனது. கவனம் என்கிறது எந்த மேஜையின் இழுப்பறை என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட அன்று போராட்டக் கமிட்டி அமைத்தார்கள்.

3. கமிட்டியின் ஆராய்ச்சி

தோப்பில் நாங்கள் மத்தியானம் வரைக்கும் இருந்தோம். நடக்க முடிந்த பயணிகள் நடந்து போனார்கள். காரைக்குடிப் பெரியவரைப் பம்புசெட்டுக்கு அழைத்துப் போனார்கள். தண்ணீர் மேலேயிருந்து தலையில் விழ வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், போராட்ட வீரர்கள் இரண்டு பேர் தொட்டிச் சுவர் மேல் ஏறி நின்று குடம் குடமாக ஊற்றினார்கள். அவர் அதைப் பதினோராவது நாள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எங்களுக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வந்தது. ஞானதுரை சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கம்பெனியில் பளபளவென்று எத்தனையோ வண்டிகள் ஓடும்போது, ரேடியேட்டர் ஒழுகுகிற இந்த வண்டியை எதற்குப் பிடித்தார்கள் என்ற கேள்வி மனதைக் குடைந்துகொண்டிருந்தது. சிவசைலத்திடம் கேட்டேவிட்டேன்.

அவர் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல உட்கார்ந்தார்.

"நல்ல கேள்வி கேட்டீரு. ஒரு வண்டியைப் பிடிக்கதுன்னா சும்மா இல்ல. எந்த வண்டியைப் பிடிக்கோம்கதுல ஒரு சேதி இருக்கணும். முதல்ல எக்ஸ்பிரஸைப் பிடிக்கதுன்னுதான் தீர்மானம் போட்டோம்."

எக்ஸ்பிரஸ் என்றால் குற்றாலத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற எங்கள் புது வண்டி. முதலாளியின் காலஞ்சென்ற தகப்பனாரை நாங்கள் பெரிய முதலாளி என்போம். அவர் பெயர் அந்த வண்டியின் நெற்றியில் தங்க எழுத்தில் இருக்கும்.

"அந்தப் பேரு இருக்குல்லா, அதுதான் கம்பெனியோட கிரீடம். அதைப் பிடிச்சா முதலாளியோட கிரீடத்துலயே கை வச்ச மாதிரி" என்றார் சிவசைலம்.

"பிறகு ஏன் பிடிக்கல?"

சிவசைலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பதில் மாடசாமியிடமிருந்து வந்தது.

"பிடிக்கத்தான் போனோம். அது நிக்கல. எல்லாரும் வயக்காட்டுல விழுந்தோம்." முழங்காலைக் காட்டினார். தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது.

அடுத்து சீசன் ஸ்பெஷலைப் பிடிக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள். அதில் வெளியூர்ப் பணக்காரர்கள் குளிக்க வருவார்கள். அவர்கள் மூலம் ஆலம்பொத்தையின் குறை மெட்ராஸ் வரைக்கும் போகும் என்பது சிவசைலத்தின் வாதம். ஆனால் மாடசாமியின் மைத்துனர் ஐந்தருவியில் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்டிருந்தார். சீசனே ரெண்டு மாசம்தான், அதில் வருகிற ஆளை மறித்தால் நான் என்ன செய்வேன் என்று அவர் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். ஸ்பெஷலில் போதுமான சேதி இல்லை என்று கமிட்டி முடிவு செய்தது.

முதலாளியின் காரைப் பிடிக்கலாம் என்றும் பேசியிருக்கிறார்கள். எதிரியையே பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் காரில் பன்னிரண்டு பேர் ஏற முடியாது. யார் யார் ஏறுவது என்பதில் கமிட்டியே உடைகிற நிலைமை வந்துவிட்டது. தபால் பை ஏற்றி வருகிற வண்டியைப் பற்றி ஒருவர் சொன்னபோது, அது சர்க்கார் சொத்து, உள்ளே போனால் வெளியே வர வருஷக் கணக்காகும் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அந்த வண்டியில் எந்தச் சேதியும் இல்லை என்பதில் மட்டும் கமிட்டியில் அபிப்பிராய பேதமே வரவில்லை.

இப்படி ஒரு வாரம் போயிருக்கிறது. கடைசிக் கூட்டத்தன்று செல்லத்தாய் படிப்பக வாசலில் மோர் கொடுக்க வந்திருக்கிறாள். சிவசைலம் பேசி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "நிக்காத வண்டியை என்னத்துக்குப் பிடிக்கப் போறீய? கை காட்டுனா நிக்குத வண்டி ஒண்ணு இருக்குல்லா, அதைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

"அதுதான் முடிவாச்சு" என்றார் மாடசாமி.

"அப்படி எழுதல" என்று சிவசைலம் திருத்தினார். "பொதுமக்களோடு நெருங்கிய தொடர்புள்ள வண்டி என்கிற அடிப்படையில்னு தீர்மானத்துல எழுதியிருக்கு."

நான் திரும்பி ஞானதுரையைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

4. எல்லோரிடமும் ஒரு காரணம்

மத்தியானத்துக்கு மேல் சப்-இன்ஸ்பெக்டர் நாலு போலீஸோடு வந்தார். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சிலே நீங்க?"

"கட்சி இல்ல. ஸ்டாப் வேணும்" என்றார் மாடசாமி.

"கட்சி இல்லாம எப்படிலே ஒரு பஸ்ஸைப் பிடிப்பிய? யாரு தூண்டிவிட்டது?"

பின்னாலேயே முதலாளி காரில் வந்தார். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாது. வந்ததும் என்னைத்தான் கேட்டார். "ஏன்லே வேலாயுதம், ஊர்ல வேற கம்பெனி வண்டியே ஓடலியா? ஏன் என் வண்டி? போட்டிக்காரன் பணம் குடுத்திருக்கான். கண்டுபிடிக்கேன்."

தென்காசியிலிருந்து ஒரு பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சோடாக் கம்பெனியும் வைத்திருந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, "வண்டியோட கலர் சிவப்பு. கவனிச்சியளா?" என்று சப்-இன்ஸ்பெக்டரின் காதில் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் கம்பெனியில் எல்லா வண்டியும் சிவப்புத்தான்.

வந்த மூன்று பேரில் ஒருவராவது ஆலம்பொத்தைக்காரர்களிடம், ஏன் இந்த வண்டி என்று கேட்கவில்லை. என்ன வேண்டும் என்றுகூட முழுதாகக் கேட்கவில்லை. அவர்கள் நீட்டிய மனுவை வாங்கி முதலாளி பையில் வைத்துக்கொண்டார், கவனிப்பதாகச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். எங்கள் வண்டி சேற்றில் புதைந்திருந்தது. அதைப் பிடித்தவர்களே தோளைக் கொடுத்துத் தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். குற்றாலத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறோமே என்று அவர்களில் நாலு பேர் ஏறிக் குற்றாலம் வந்தார்கள். டிக்கெட் செல்லும்தானே.

5. விசாரணை

நாலு நாள் கழித்து ஞானதுரைக்குச் சார்ஜ் மெமோ வந்தது. ஸ்டேஜ் அல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திக் கம்பெனி சொத்தைப் பிறர் கையில் ஒப்படைத்தார் என்று அதில் இருந்தது. டிஸ்மிஸ் செய்யப் போகிறார்கள் என்று மேனேஜரின் கிளார்க் என்னிடம் சொன்னார். ஞானதுரையின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்ட முதல் விஷயமே பெண்ணின் தகப்பன் கம்பெனி டிரைவர் என்பதுதான்.

எனக்கு உண்மை தெரியும். அந்த உண்மையைச் சொன்னால் அன்றே அவர் வேலை போகும். கையைக் காட்டினால் நிற்கிறவர் என்று ஊருக்கே தெரிந்த டிரைவர், அதனால்தான் கடத்தினார்கள் என்று நான் சாட்சி சொன்னால் மேனேஜருக்கு வேறு எதுவும் தேவையில்லை. விசாரணைக்கு முந்தின நாள் ஷெட்டில் ஞானதுரையைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு நான் பேசுதேன். நீங்க வாயைத் திறக்காதீய."

"பொய் சொல்லப் போறீரா?"

"இல்ல. காரணம் சொல்லப் போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜெபம் செய்கிற மனிதர். அவரை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஆபீஸில் முதலாளி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் பெரிய முதலாளியின் படம், ஊதுவத்தி. பக்கத்தில் மேனேஜர் சர்க்குலரைக் கையில் வைத்திருந்தார்.

"ஏன் உங்க வண்டியைப் பிடிச்சாங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு முதலாளியைப் பார்த்தேன்.

"எதோ ஒரு வண்டின்னு பிடிக்கல முதலாளி. ஒரு வாரமா கமிட்டி போட்டு ஆராய்ச்சி பண்ணித்தான் பிடிச்சிருக்காங்க. போட்டிக்காரன் வண்டியைப் பிடிக்கலாம்லா? அதைப் பத்தி ஒரு பேச்சே இல்ல. நம்ம கம்பெனிதான் அவங்க கண்ணுக்குக் கம்பெனியாத் தெரியுது."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது வரைக்கும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அடுத்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது.

"நம்ம ஷட்டில், பெரிய முதலாளி முதமுதல்ல வாங்கி அவங்க கையாலயே ஓட்டுன வண்டி. அது ஊருக்கே தெரியும். கம்பெனியோட உயிரு அந்த வண்டியிலதான் இருக்குன்னு அவங்க நெனச்சிருக்காங்க. அதான் எக்ஸ்பிரஸை விட்டுட்டு இதைப் பிடிச்சிருக்காங்க."

இதில் எவ்வளவு உண்மை என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. அந்த வண்டிக்கு எஞ்சின் ரெண்டு தடவை மாற்றியது. பாடி மதுரையில் கட்டியது. சேஸிஸ் ஏலத்தில் எடுத்தது. பெரிய முதலாளியின் முதல் வண்டியிலிருந்து அதில் மிச்சம் இருந்தது ஹாரன் மட்டும்தான் என்று ஷெட் மெக்கானிக் சொல்லுவார். ஆனால் முதலாளி மெதுவாகத் திரும்பித் தகப்பனார் படத்தைப் பார்த்தார்.

மேனேஜர் விடவில்லை. "அதெல்லாம் சரி. எக்ஸ்பிரஸ் முன்னாடியும்தான் மறிச்சாங்க. அவன் நிறுத்தலியே. இவரு ஏன் நிறுத்தினாரு?"

"எக்ஸ்பிரஸ் நெத்தியில பெரிய முதலாளி பேரு இருக்கு. அன்னைக்கு ஒருத்தன் அடிபட்டுச் செத்திருந்தா எந்தப் பேரைச் சொல்லிக் கேஸ் நடக்கும்? பெரிய முதலாளி பேரைச் சொல்லித்தான் நடக்கும்" என்றேன்.

முதலாளி ஞானதுரையிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. பெரிய முதலாளி வண்டியில ரத்தக்கறை படக் கூடாதுன்னா நிறுத்தினே?"

நான் கண்ணால் ஞானதுரைக்குச் சாடை காட்டினேன்.

"கையைக் காட்டினாங்க, நிறுத்தினேன் முதலாளி" என்றார் ஞானதுரை.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "பாத்தீரா? தன் பெருமையைத் தானே சொல்ல மாட்டேங்கான். அப்பா காலத்து ஆளுவோ எல்லாம் இப்படித்தான்."

மெமோவை அவரே கிழித்தார்.

6. ஸ்டாப் வந்தது

அடுத்த மாதம் ஆலம்பொத்தைக்கு ஸ்டாப் கிடைத்தது. முதலாளி தகப்பனார் பெயர் செதுக்கிய ஒரு கல்லையும் நட்டார். திறப்பு விழாவில் சிவசைலம் பேசினார். கம்பெனியின் உயிரே அந்த வண்டியில் இருப்பதை உணர்ந்து, எண்ணித் துணிந்து, வேறு எந்த வண்டியையும் ஏறெடுத்தும் பாராமல் அதையே கைப்பற்றியதாகச் சொன்னார். முதலாளி சொல்லிப் பேப்பரில் முன்பே அப்படி வந்திருந்தது. மாடசாமி என் பக்கத்தில் நின்றிருந்தார். "நாம அப்படியா நெனச்சோம்?" என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்கும்" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். அவ்வளவு மகிமை பொருந்திய வண்டியை மழையிலும் சேற்றிலும் ஓட்டுவது பாவம் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் புதுப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, ஆபீஸ் முன்னால் கொட்டகையில் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டினார்கள். அதற்குப் பதிலாக வேறு வண்டி வரும் வரைக்கும் சில மாதம் ஆலம்பொத்தைக்கு ஸ்டாப் இருந்தது, ஷட்டில் இல்லை. ஞானதுரைக்கு மரியாதை செய்வதாக எக்ஸ்பிரஸைக் கொடுத்தார்கள். திருநெல்வேலி வரைக்கும் வழியெல்லாம் எத்தனை பேர் கையைத் தூக்குவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த வருஷம் திருநெல்வேலியில் மெட்ராஸ் ரயிலைத் தவறவிட்ட தென்காசிக்காரர்கள் அதிகம்.

அறுபதுகள் முடிவதற்குள் அமெரிக்காவில் விமானியை மிரட்டி விமானத்தைக் கியூபாவுக்குத் திருப்புகிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் படித்தவர்கள் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்த விமானக் கம்பெனி அமெரிக்காவின் மானம், அதனால்தான் அதைப் பிடித்தான் என்றார் ஒருவர். வாலில் சிவப்பு நிறம் இருப்பதால் என்றார் இன்னொருவர். வக்கீல் ஒருவர் அந்த விமானத்தின் எண்ணைக் கூட்டிப் பார்த்து, அதில்கூட ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார். நான் ஒரு தடவை வாயை விட்டுவிட்டேன். "கியூபாவுக்குப் பக்கத்துல போற பிளேனாப் பாத்து ஏறியிருப்பான். அங்க வரைக்கும் போக எண்ணெய் இருந்திருக்கும். ஏறும்போது மடியைத் தடவிப் பாக்க ஆள் இருந்திருக்க மாட்டான்" என்றேன்.

"பஸ் கண்டக்டருக்கு உலக விவகாரம் எப்படித் தெரியும்?" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனையோ மனிதர்களை ஏற்றி இறக்கும் உத்தியோகத்தில் சிரித்துவிட்டுப் போகப் பழகிக்கொள்ள வேண்டும்.

செல்லத்தாயை அதன் பிறகு ஒரே ஒரு தடவை தனியாகப் பார்த்துப் பேச முடிந்தது. நான் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தேன். குற்றாலம் வண்டியில் ஏறினேன். கீரைக் கூடை காலடியில் இருந்தது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அந்த டிரைவர் அண்ணாச்சி எப்படி இருக்காரு?"

"ரிட்டையர் ஆயிட்டாரு. சுகமா இருக்காரு. மகளுக்கு ரெண்டு பிள்ளைய."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவரு வேலை போயிரும்னு தெரிஞ்சுதான் அன்னைக்குச் சொன்னேன். எம்பிள்ளையத் தூக்கிட்டு நின்னப்போ சேத்தடிச்சுட்டுப் போனான்லா, அவனையா பிடிக்க முடியும்? நிக்குதவரைத்தான் பிடிக்க முடியும். தப்புன்னு தெரியும். ஆனா எனக்கு ஸ்டாப் வேணும். இதை அவருட்ட ஒரு நாளு சொல்லணும்னு நெனச்சேன். சொல்லல."

ஆலம்பொத்தை வந்தது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். இறங்கிப் போனாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லுகிறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவு வரும்போது ஏன் நமக்கு வந்தது என்று பெரிய பெரிய காரணங்களைத் தேடாதீர்கள். மேலே இருப்பவர்கள் கேட்டால் அவர்களுக்குப் பிடித்த காரணத்தைச் சொல்லிவிடலாம், அதில் ஒரு பிள்ளையின் கல்யாணம் நடக்கும் என்றால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உங்கள் மனதுக்குள் உண்மையான காரணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற வண்டியைத்தான் பிடிப்பார்கள். அது தெரிந்த பிறகும் நிறுத்தத்தான் வேண்டும்.